பின் சீட்டில் ஒரு ‘ம்’

சிவப்பு வயரைக் கறுப்பிலும் கறுப்பு வயரைச் சிவப்பிலும் மாட்டியவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக வரதராஜன்பேட்டையில் மைக் செட் கடை வைத்திருப்பவன் இதை வெளியே சொன்னால் பிழைப்பே போய்விடும். அதையே மறைக்காதவன் மீதியில் மட்டும் பொய் சொல்வானா? இனி வருவது அத்தனையும் நடந்தது. ஏலாக்குறிச்சி மாதா மேல் ஆணை.

இன்னொன்று. மற்றவர்களுக்கெல்லாம் பேய் நடுராத்திரியில் வருகிறது. நிலா, நரி ஊளை, எல்லாம் சேர்ந்து வருகிறது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எனக்கு வந்தது பகல் ஷிப்ட். கத்திரி வெயில். மத்தியானம் மணி 12.42.

என்னிடம் ஒரு கார் உண்டு. ஏழு வருஷப் பழைய பெட்ரோல் வண்டி. அதன் முக்கியமான பயணி என் மாமியார் அற்புதம்மாள். வயது அறுபத்து மூன்று. சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டு நின்றுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் அரியலூரில் டயாலிசிஸ். மதியம் ஒன்றரைக்கு மெஷினில் படுக்க வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், இரண்டு தடவை தவறினால் மூச்சுக்கே ஆபத்து என்று டாக்டர் விரலை மடக்கிச் சொல்லியிருந்தார். பஸ் படி ஏற அவரால் முடியாது. என் மனைவி சுகன்யா மேரி ஜெயங்கொண்டத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாள். ஆகவே டிரைவர் நான்.

மாமியாருக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. எங்கள் பக்கத்தில் மாமியார், மருமகன் முகம் பார்த்து அதிகம் பேசுவதில்லை. அது மரியாதை. ஆனால் என் கேஸ் வேறு. என் கல்யாணத்துக்கு நானே மைக் செட். கோயில் வாசலில் நாலு குழாய் ஸ்பீக்கர், தெருமுனையில் இரண்டு. மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நண்பனிடம், “மாமியார் மொகத்தப் பாத்தியாடா? சூடான ஆம்ப்ளிபயர் மாதிரி இருக்கு” என்றேன். ஆறு குழாயும் அதைத் தெளிவாகச் சொல்லின. ஒலித்தரம் பற்றி அன்று யாரும் குறை சொல்லவில்லை. ஒன்பது வருஷம் ஆகிறது. அன்று மூடிய வாய்.

அவசியம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், கார் டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் மாதா சுரூபத்திடம் சொல்வார். “மாதாவே, முன்னாடி பள்ளம் கெடக்குது.” நான் பிரேக் பிடிப்பேன். அவ்வளவுதான் எங்கள் உறவு. நானோ வாயைக் கட்டத் தெரியாதவன். ஐம்பது கிலோமீட்டரும் நான் பேசிக்கொண்டே வருவேன். பின்னால் சுவர்.

2025 மே 1, வியாழக்கிழமை. காலையில் கார் கிளம்பவில்லை. பேட்டரி இறங்கியிருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் என் கடையில் மைக் செட்டுக்கு வைத்திருக்கும் பேட்டரி இருந்தது. அதன் இரண்டு வயரிலும் நானே கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தேன். எது எது என்று எனக்குத் தெரியாதா? இழுத்து மாட்டினேன்.

பட்.

பின் சீட்டுக்கு அடியிலிருந்து கருகிய வாசனை வந்தது.

ஜெயங்கொண்டத்து மெக்கானிக் வீரமணி வந்தான். பின் சீட்டைக் கழற்றினான். தீப்பெட்டிக் கட்டு அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தான்.

“பியூயல் கன்ட்ரோல் மாட்யூல் அவுட்டுண்ணே.”

“அப்படின்னா?”

“எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போகணும்னு பம்புக்குச் சொல்ற பெட்டி. இது செத்தா வண்டி பொணம்.”

புதியது கம்பெனியிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்றான். எனக்கு மூன்று வாரம் இல்லை. அடுத்த நாளே வெள்ளி. அன்று பக்கத்து வீட்டுக்காரரைக் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, அவர் காரில் கூட்டிப் போனேன். மூன்றாம் தேதி சனிக்கிழமை, வீரமணி எங்கிருந்தோ ஒரு பழைய மாட்யூலைக் கொண்டுவந்தான்.

“எந்த வண்டியில கழட்டினது?”

“நல்ல வண்டிதாண்ணே.”

“எந்த ஊரு?”

“பெரம்பலூர்ல முருகையன் பழைய பார்ட்ஸ் கடை.”

“கடை பெரம்பலூர். வண்டி எந்த ஊருடா?”

“ஏண்ணே, பொண்ணா எடுக்கப் போறீங்க? ஊரு, பேரு, குலமெல்லாம் விசாரிக்கிறீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் நான் கேள்வியை மறந்துவிடுவேன். அவனுக்கு அது தெரியும்.

மாலை 4.10. சாவியைத் திருப்பினான். பின் சீட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். இரண்டு விநாடி. நின்றது.

“பம்பு பெட்ரோல ஏத்துது. சாவி போட்டா ரெண்டு செகண்டு முனகும். பயப்படாதீங்க.”

பயமா? ஸ்பீக்கரில் ‘ஹம்’ என்று வரும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். வண்டி தங்கமாக ஓடியது.

மே 6, செவ்வாய். 11.45க்கு வீட்டிலிருந்து கிளம்பினோம். ஜெயங்கொண்டத்தில் டேங்க் நிரப்பினேன். வழக்கம்போல் பேச ஆரம்பித்தேன். ஒரு திருவிழாவில் தேர் நிலைக்கு வரும் நேரத்தில் என் மைக்கில் எவனோ ஒருவனின் தக்காளி விலை போன் பேச்சு கேட்ட கதை. சொல்லி முடித்து, “எப்படி இருக்கு அத்தே?” என்றேன், சுவரைக் கேட்பதுபோல.

“ம்.”

பின்னாலிருந்து. மெலிதாக.

ஸ்டியரிங் கையில் ஒரு தடவை ஆடியது. ஒன்பது வருஷம்! ஒரு ‘ம்’! நான் அடுத்த கதையை எடுத்தேன். அதற்கும் ‘ம்’. சரியான இடத்தில், கதை கேட்கத் தெரிந்தவர்கள் கொட்டுகிற மாதிரி. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம். கண்ணாடியில் மட்டும் லேசாகப் பார்த்தேன். மாமியார் வலது ஓரமாக, எனக்கு நேர் பின்னால், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். எப்போதும் பக்கத்துச் சீட்டில் பரப்பி வைக்கும் துணிப்பை, துண்டு, மாத்திரை டப்பா எல்லாம் இன்று மடியில் இருந்தன.

வி.கைகாட்டி ஊரைத் தாண்டினோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய் இரண்டு பக்கமும் எல்லாம் மாவு பூசினது போல் இருக்கும் ரோடு. அங்கே ஒரு பஸ் நிழற்குடை. அதுவும் வெள்ளை.

அந்த நிழற்குடைக்கு நேராக எஞ்சின் நின்றது.

குலுங்கவில்லை, இருமவில்லை. சுவிட்சை அணைத்ததுபோல் நின்றது. மணி 12.42. பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. அரை மணி நேரத்துக்கு முன் நிரப்பிய டேங்க்!

சாவியைத் திருப்பினேன். ஒன்றும் இல்லை. பம்பு முனகக்கூட இல்லை. லாரிகள் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றும் நிற்கவில்லை. திடீரென்று ‘ம்ம்ம்’ என்றது. முள் தானாக மேலே ஏறியது. வண்டி கிளம்பியது. 12.46.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய மாமியார், கார்க் கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தலை சுற்றலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அன்று இரவு சுகன்யாவிடம் சொன்னேன்.

“எங்கம்மாவா? ஒங்களுக்கா? ம் கொட்டுச்சா?”

“நீ எதுவும் கேட்டுக்காத. கேட்டா நின்னுடும்.”

“வெயில்ல ஒங்களுக்குத்தான் என்னவோ ஆயிடுச்சு.”

மே 9, வெள்ளி. அதே நிழற்குடை. அதே 12.42. முள் அடியில். இந்தத் தடவை ஏழு நிமிஷம். வீரமணிக்குப் போன் போட்டேன்.

“சூடுண்ணே. பழைய பார்ட்ஸ். சூடானா மக்கர் பண்ணும்.”

“மாவு பூசின நிழற்குடைகிட்ட மட்டுமா சூடாவும்?”



“எந்த நிழற்குடைண்ணே?”

சொன்னேன்.

“…புதுசு சீக்கிரம் வந்துரும்ணே” என்று போனை வைத்துவிட்டான்.

மே 13, செவ்வாய். பத்து நிமிஷம். ஒன்றரைக்கு இருபது நிமிஷமே இருக்கும்போது ஆஸ்பத்திரியில் நுழைந்தோம். ஆனாலும் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். போகும்போதெல்லாம் ‘ம்’ கிடைத்தது. வரும்போது மாமியார் களைத்துத் தூங்கிவிடுவார், அப்போது கிடைக்காது. ஒன்பது வருஷக் கோபம் ஒரு வழியில் மட்டும் இறங்கியிருக்கிறது, போகப் போக மறு வழியும் திறக்கும் என்று கணக்குப் போட்டேன்.

மே 14, புதன்.

திருவிழா ஆர்டருக்கு ஒரு குழாய் யூனிட் வாங்க அரியலூர் போனேன். ஜன்னலை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுவிட்டு, வழக்கம்போல் வாய் ஓடிக்கொண்டிருந்தது.

“இந்த வெயில்ல கோழி முட்டை போட்டா ஆம்லெட்டாத்தான் விழும். என்ன அத்தே?”

“ம்.”

சிரித்தேன்.

மூன்று விநாடி கழித்துத்தான் நினைவு வந்தது.

இன்று புதன்கிழமை.

மாமியார் வீட்டில் இருக்கிறார்.

கண்ணாடியைப் பார்த்தேன். பின் சீட் காலி. பம்பு… பம்புதான். இரண்டு விநாடி முனகும் என்று வீரமணி சொன்னானே. ஓடும்போதும் முனகுகிறது போல. அவ்வளவுதான். மைக் செட்காரனுக்கு ஹம் என்றால் பயமா?

எஞ்சின் நின்றது.

வெள்ளை நிழற்குடை. 12.42. முள் அடியில்.

சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டேன். இறங்கி பானெட்டைத் திறந்து, பேட்டரி வயரைக் கழற்றினேன். இரண்டையும். இந்தத் தடவை நிறம் பார்த்துத்தான். இனி இந்த வண்டியில் கரண்டே கிடையாது. எந்தப் பம்பும் முனக முடியாது.

திரும்பி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கதவை மூடினேன். ஏசி இல்லாத கார், அடுப்பு. காதுக்குள் என் ரத்தமே கேட்டது.

பேசினேன். ஏன் பேசினேன் என்று தெரியாது. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

“பின்னாடி… யாராவது இருக்கீங்களா?”

ஒரு லாரி போனது. புழுதி அடங்கியது.

“ம்.”

சீட்டுக்கு அடியிலிருந்து வரவில்லை. சீட்டின் மேலிருந்து வந்தது. இடது பக்கம். என் காதுக்கு இரண்டு அடி தூரம். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில் என்று சொன்னேனே…

“எறங்கிப் போயிடுறீங்களா?”

“ம்ஹும்.”

நான் இறங்கிவிட்டேன். ரோட்டோரம், அந்த வெயிலில், செருப்பு ஒரு காலில் மட்டும்.

பதினைந்து நிமிஷம் கழித்து, கழுவேறப் போகிறவன் மாதிரி வந்து வயரை மாட்டினேன். கிளம்பியது. அரியலூர் வரைக்கும் நான் வாயே திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை வாடகைக் கார் தேடினேன். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் இரண்டு ஊரிலும் ஒரு கார் இல்லை. பெரிய முகூர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர் கார் உட்பட எல்லா வண்டியும் கல்யாணத்துக்குப் போயிருந்தது. என் கார் வாசலில் நின்றது. எனக்குச் சாவியைத் தொடத் தைரியம் வரவில்லை. “வண்டி ரிப்பேர்” என்று சுகன்யாவிடம் பொய் சொன்னேன். அந்த வார டயாலிசிஸ் ஒன்று போனது.

ஒரு தடவை தவறினால் கால் வீங்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாமியாரின் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. குழி மேலெழ வெகுநேரம் ஆனது. திங்கள் இரவு படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார். உள்ளறையிலிருந்து அந்த மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் பயந்ததற்கு அவர் மூச்சு விட முடியாமல் கஷ்டப்படுகிறார். பேயைவிட அது பெரிதாக இருந்தது.

மே 20, செவ்வாய். முதல் டவுன் பஸ்ஸில் போயாவது வேறு வண்டி பிடிக்கலாம் என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. “ரிப்பேர் சரியாயிட்டுது” என்று சுகன்யாவிடம் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தேன். மாமியார் நடந்தே வந்து ஏறினார். வலது ஓரம். பை மடியில்.

ஒரு வார்த்தை பேசவில்லை நான். வி.கைகாட்டி வரைக்கும் மனதுக்குள் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை. வேகத்தைக் கூட்டினேன். நிழற்குடையை எண்பதில் தாண்டிவிடலாம் என்று திட்டம்.

12.42.

எண்பதில் போன வண்டி, யாரோ கையைப் பிடித்து நிறுத்தியதுபோல், அந்த நிழற்குடைக்கு நேராக வந்து நின்றது.

முள் அடியில்.

“மாதாவே…” என்றார் மாமியார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கொர் கொர் என்று மூச்சு.

சாவியைத் திருப்பினேன். மறுபடி. மறுபடி. 108க்குப் போன் போட்டேன். இருபது நிமிஷத்தில் வந்துவிடும் என்றார்கள். ரோட்டில் இறங்கி இரண்டு கையையும் ஆட்டினேன். லாரி… லாரி… லாரி. புழுதியில் நான் அவர்களுக்குத் தெரிந்தேனா என்பதே சந்தேகம்.

12.51. ஓடி வந்து முன்கதவைத் திறந்தேன்.

“அத்தே! இருக்கீங்களா?”

“ம்.”

நிம்மதி. மறுபடி ஓடினேன். கை ஆட்டினேன்.

12.54.

“அத்தே?”

“ம்.”

12.56.

“அத்தே, ஜன்னலத் தொறந்து வுடவா?”

“ம்ஹும்.”

அப்போதுதான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

மாமியாரின் தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் திறந்து கிடந்தது. உதடு நீலம். கண் பாதி மூடியிருந்தது.

அந்த வாய் ‘ம்’ சொல்லியிருக்க முடியாது.

அவருடைய இடது கை, பக்கத்துக் காலிச் சீட்டின் மேல், விரல்கள் மடங்கி… எதையோ பிடித்துக்கொண்டிருந்தது.

சீட் மெத்தை அங்கே குழிந்திருந்தது.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஒரு காலில் செருப்போடு ஓடியவன்தான். ஆனால் இன்று உள்ளே இருப்பது என் மாமியார்.

அந்தக் குழியைப் பார்த்துப் பேசினேன்.

“அம்மா… நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதும்மா. இவங்க ஒம்பது வருசமா என்கிட்ட பேசல. பேசாமயே போயிட்டாங்கன்னா, நான் யாருகிட்டம்மா போயி மன்னிப்புக் கேப்பேன்? எங்கள வுட்ருங்கம்மா. நேரமாவுது.”

ஒன்றும் இல்லை.

லாரி சத்தம்கூட இல்லை.

பிறகு…

“ம்.”

டக்.

இடது பின் கதவு திறந்தது. வெயில் உள்ளே வந்தது. மெத்தைக் குழி மெல்ல மேலே எழுந்தது.

டக். கதவு மூடியது.

‘ம்ம்ம்.’ இது பம்பு. இரண்டு விநாடி. முள் ஏறியது.

12.59.

1.13க்கு ஆஸ்பத்திரி. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் சிரமம் என்றார் டாக்டர். மூன்று நாள் உள்ளேயே வைத்திருந்தார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். சுகன்யா முதலில் என்னைத் திட்டினாள், அப்புறம் தோளைத் தட்டினாள்.

மே 24, சனி. புது மாட்யூல் வந்துவிட்டது. வீரமணி பின் சீட்டைக் கழற்றி, பழையதை எடுக்கும் முன் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“என்ன?”

“வண்டி ஓட்டத்துல நின்னா இதுல பதியும்ணே. ஒரு பதிவும் இல்ல. இந்தப் பொட்டியப் பொறுத்தவரைக்கும் ஒங்க வண்டி ஒரு நாளும் வழியில நிக்கல.”

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். “வீரமணி. எந்த வண்டிடா இது?”

இந்தத் தடவை அவனுக்கு ஜோக் வரவில்லை.

“நீங்க அந்த நிழற்குடையச் சொன்ன அன்னிக்கே முருகையன்கிட்ட கேட்டுட்டேண்ணே. சொல்ல வாய் வரல. இது ஆண்டிமடம் பக்கத்து வண்டி. விபத்தெல்லாம் இல்ல. நல்லா ஓடுற வண்டி. அந்தண்ணன் அவங்கம்மாவ அரியலூருக்கு டயாலிசிஸ் கூட்டிட்டுப் போவாரு. போன வருசம் மே மாசம். பெட்ரோல் போட மறந்துட்டாரு. அந்த நிழற்குடைகிட்ட வண்டி நின்னு போச்சு.”

“அப்பறம்?”

“பைக்ல வந்த ஒருத்தன் பின்னாடி ஏறி பெட்ரோல் வாங்கப் போனாரு. அம்மா பின் சீட்ல. தனியா பயப்படக் கூடாதுன்னு போனக் கட் பண்ணாம பேசிக்கிட்டே போயிருக்காரு. அவரும் ஒங்கள மாதிரிதான், வாயாடி. சிரிக்கச் சிரிக்க எதையாவது சொல்வாராம். ‘அம்மா, இருக்கியா?’ம்பாரு. ‘ம்’முங்குமாம். பெட்ரோல் வாங்கிட்டுத் திரும்புறப்ப…”

அவன் ஸ்பானரைத் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான்.

“ஒரு தடவ ‘ம்’ வரலண்ணே.”

அந்த அம்மாவின் பெயர் தனம். மகன் அந்த வண்டியில் மறுபடி ஏறவில்லை. முழுசாக விற்கவும் இல்லை. இந்தப் பக்கத்து ஆள் யாருக்கும் அதிலிருந்து ஓர் ஆணிகூட வரக் கூடாது, உடைத்துப் போடுங்கள் என்று பெரம்பலூரில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அது சுற்றிக்கொண்டு என் பின் சீட்டுக்கு வந்தது. வீரமணியைத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டவில்லை. வயரை மாற்றி மாட்டியவன் நான்.

மே 27, செவ்வாய். புது மாட்யூலோடு முதல் பயணம். மாமியார் மெலிந்திருந்தார். பையைப் பக்கத்துச் சீட்டில் பரப்பி வைத்தார். வண்டி தண்ணீர் மாதிரி ஓடியது. வி.கைகாட்டி. வெள்ளை நிழற்குடை. 12.42. நான் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. வண்டி நிற்கவில்லை.

பெருமூச்சு விட்டேன். உடனே வாய் திறந்துகொண்டது. தக்காளி விலைக் கதையையே மறுபடி சொன்னேன். முடித்தேன். பின்னால் சத்தமில்லை.

எல்லாம் தெரிந்தும், மனசு கேட்கவில்லை. அத்தனை ‘ம்’மும் அந்த அம்மாவுடையதாக இருக்காது, ஒன்றிரண்டாவது மாமியாருடையதாக இருக்கும் என்று ஓர் ஆசை.

“ஏன் அத்தே… முன்னாடியெல்லாம் கொஞ்சமாச்சும் ம் கொட்டுவீங்க. இன்னிக்கு அதுகூட இல்லியா?”

வழக்கம்போல் மாதாவிடம்தான் பதில் போகும் என்று நினைத்தேன்.

“மாப்ள.”

ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. வண்டியை ஓரம் கட்டினேன்.

“நான் என்னிக்கு ம் கொட்டுனேன்? பக்கத்துல ஒக்காந்து வருமே, அந்தம்மால்ல கொட்டுச்சு.”

“…எந்த அம்மா?”

“கையில ஊசி குத்திக் குத்தி, நரம்பு என்னுதாட்டமே மேடு தட்டிக் கெடக்குமே, அந்தம்மாதான். நம்ம வூட்டுல கதவத் தொறக்குறப்பவே உள்ள ஒக்காந்திருக்கும். கூட இன்னொரு ஆள ஏத்திக் காசு பாக்குறீங்கன்னு நெனச்சேன். ஒங்ககிட்டதான் நான் பேசறதில்லியே, அதான் கேக்கல.”

“அவங்க… ஏதாவது சொன்னாங்களா?”

“அந்த நிழற்குடை வந்தா மட்டும் சொல்லும். ‘எம் மவன் பெட்ரோல் வாங்கப் போயிருக்கான், இப்ப வந்துருவான், இருங்க’ம்பும். அன்னிக்கு எனக்கு மூச்சு முட்டுனப்ப அதுதான் கையப் புடிச்சிக்கிட்டுச்சு. அப்பறம், ‘நீங்க போங்க, நான் எறங்கி ஒக்காந்துக்குறேன்’னு எறங்கிருச்சு.”

வெயில் கண்ணாடியில் அடித்தது. மாமியார் தண்ணீர் பாட்டிலை எடுத்து, ஒரு மிடறு மட்டும் குடித்து, மூடினார்.

“இன்னிக்கும் அங்கதான் ஒக்காந்திருந்துச்சு, மாப்ள. நம்ம வண்டியப் பாத்து எந்திரிச்சுது. நீங்கதான் நிறுத்தாம வந்துட்டீங்க.”